குளியலறைத் தரையில் ஒரு வரலாறு: மலாக்காவின் மொசைக் ஓடுகள்

ஒரு வீட்டின் வரலாற்றை அறிய முற்படுவோர் அதன் முகப்பைப் பார்ப்பர், தூண்களை அளப்பர், பத்திரத்தை எடுத்துப் படிப்பர். குளியலறைக்குள் எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு மனிதன் தன் உடலுக்கும் மானத்திற்கும் எவ்வளவு இடம் ஒதுக்கினான், அல்லது பிறர் அவனுக்கு எவ்வளவு இடம் விட்டனர் என்பதை அறிய அதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா முதலிய ஊர்களைச் சுற்றித் தோட்டத்திலிருந்து வெளியேறிய தமிழர் பலர் சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கின்றனர். எளிய வீடாக இருப்பினும், குளியலறைக்கு மட்டும் பூவும் கொடியும் நட்சத்திரமும் பின்னிய மொசைக் ஓடுகளைத் தேடி வாங்கிப் பதிப்பவர் அவர்களுள் உண்டு. கூடத்திற்கு வெறுஞ் சிமெண்டு, குளிக்கும் இடத்திற்குச் சித்திர ஓடா என்று சிலர் நகைப்பர். இவ்வாறு நகைப்பது பொருந்துமா? இவ்வோடு எங்கிருந்து வந்தது, யார் வீட்டில் முதலில் ஏறிற்று, தமிழ்த் தொழிலாளியின் வீட்டை அடைய ஏன் இத்துணைக் காலம் பிடித்தது என்பவற்றை ஆராய்ந்தால், நகைப்பதற்கு இடமில்லை என்பது விளங்கும்.

பழைமை

குளிக்கும் இடத்தைச் செப்பனிட்டுத் தளமிடும் வழக்கம் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்று எண்ணுவோர் பலர். சிந்துவெளியின் மொகஞ்சதாரோவைத் தோண்டியவர்கள் வேறு செய்தி கூறுகின்றனர். அந்நகரின் வீடுகள் பலவற்றில் தனிக் குளியலறைகள் இருந்தன. அவற்றின் தரையில் செங்கற்களை இழைத்து, இடைவெளி தெரியாதவாறு நெருக்கிப் பதித்து, தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடும்படி சாய்வு கொடுத்திருந்தனர். இராஜஸ்தானத்தில் உள்ள காளிபங்கனில், 1960-ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வில், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் பொறித்த ஓடுகளால் ஆன தரை ஒன்று வெளிப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகட்கு முன்பே ஓட்டில் கோலமிட்டு அதன்மேல் நடந்த மக்கள் இந்நாவலந்தீவில் இருந்தனர் என்பதற்கு இது சான்று. அங்கிருந்து இன்றைய ஓடு வரை அறுபடாத தொடர்ச்சி உண்டு எனக் கூறுதல் இயலாது. சாய்வும் கோலமும் ஆகிய இரண்டும் மனிதனுக்குப் பழைய தேவைகள் என்று மட்டும் கொள்வோம்.

மொசைக் என்னும் சொல் கலைத்தேவியர்க்கு உரியது என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது என்பர். கிரேக்கர் கூழாங்கற்களைக் கொண்டும், உரோமர் சதுரமாக வெட்டிய சிறு கற்களைக் கொண்டும் தரையில் ஓவியம் தீட்டினர். கி.பி. 216-ஆம் ஆண்டில் உரோம் நகரில் திறக்கப்பட்ட காரகல்லாவின் பொதுக் குளியல் மாளிகையில் மல்லர்களின் உருவங்களை இவ்வாறு அமைத்தனர். தண்ணீர் ஓயாது ஓடும் இடத்தில் மரம் உளுத்துப் போகும், வண்ணப்பூச்சு உரிந்து போகும், கல்லே நிற்கும். குளியல் இடமும் மொசைக்கும் இணைந்தமைக்குக் காரணம் இதுவே.

ஓடு கப்பலேறிய கதை

கல்லை வெட்டி ஓவியம் அமைப்பது அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே இயலும். அதை நடுத்தர மக்களின் வீட்டுக்குக் கொணர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திரத் தொழில். 1840-ஆம் ஆண்டில் ரிச்சர்டு புரோசர் என்னும் ஆங்கிலேயர், களிமண்ணை ஏறக்குறைய உலர்ந்த தூளாக்கி, அச்சில் இட்டு அழுத்தி ஓடு செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். ஸ்டோக் நகரில் மிண்டன் நிறுவனத்தார் அம்முறையைக் கைக்கொண்டனர். ஒரு நிறக் களிமண்ணில் குழித்த கோலத்தை வேறு நிறக் களிமண்ணால் நிரப்பிச் சுட்ட ஓடுகளையும் அவர்கள் பெருக்கினர். மேலே பூசிய கோலமாயின் நடக்க நடக்கத் தேயும். இதில் கோலம் ஓட்டின் உடம்புக்குள் இறங்கி நிற்பதால் நூறாண்டு நடந்தாலும் அழிவதில்லை.

பிரான்சில் இன்னொரு வழி பிறந்தது. சூளையே இல்லாமல், சிமெண்டையும் வண்ணப்பொடியையும் அச்சில் ஊற்றி, விசையால் அழுத்தி ஓடு செய்யக் கற்றனர். அது ஸ்பெயினுக்கும், பின்னர் ஐரோப்பியர் ஆண்ட நாடுகளுக்கும் பரவிற்று. பம்பாயில் 1922-ஆம் ஆண்டில் ருஸ்தம், பெரோஸ்ஷா ஆகிய சித்வாக் குடும்பத்தினர் இருவர் தொடங்கிய பாரத் ஓட்டுத் தொழிற்சாலை, சுதேசி எண்ணத்தோடு இச்சிமெண்டு ஓடுகளைச் செய்தது. அந்நிய ஓட்டை எதிர்த்து நாட்டு ஓடு எழுந்த காலம் அது.

ஜப்பானியர் இங்கிலாந்தின் மேடு பள்ளமான பளபளப்பு ஓடுகளைப் பார்த்துப் பழகி, விலையைக் குறைத்து, 1910-களிலிருந்து 1930-கள் வரை இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் சீனத்துக்கும் ஏராளமாக ஏற்றுமதி செய்தனர். இந்தியச் சந்தைக்கென்று இரவிவர்மாவின் பாணியில் கண்ணன், இலக்குமி, கலைமகள் உருவங்களையும் ஓட்டில் வார்த்தனர். அவை சுவருக்கே உரியன. தெய்வ உருவத்தைக் காலால் மிதிப்பார் உண்டோ? வாங்குவோரின் மனத்தை அறிந்து சரக்குச் செய்த வணிகத் திறனுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மலாக்காவில் மூவகை வீடுகள்

மலாக்கா நகரில் ஹீரன் தெரு என்று முன்பு வழங்கிய துன் டான் செங் லோக் சாலையில் பாபா சீனர்களின் நீண்ட வீடுகள் உள்ளன. அவற்றின் முகப்புச் சுவரிலும் கூடத்துத் தரையிலும் இத்தகைய சித்திர ஓடுகளைக் காண்கிறோம். மெர்லிமாவில் பெங்குலு கனியின் பழைய மலாய் வீடு ஒன்று உண்டு. அதன் கற்படிக்கட்டின் முகமெங்கும் பூ ஓடுகள் மின்னுகின்றன. ஓடு பதித்த படிக்கட்டு மலாக்கா மலாய் வீட்டின் தனி அடையாளம் என்றே கூறலாம். மூன்றாவது வகை வீட்டைக் காண வேண்டுமாயின் கடல் கடந்து செல்ல வேண்டும். மலாக்கா உள்ளிட்ட மலாயா நகரங்களில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், ஈட்டிய பொருளைச் செட்டிநாட்டில் மாளிகைகளாக எழுப்பினர். இத்தாலியப் பளிங்கும், ஆங்கில ஓடும், ஜப்பானிய ஓடும் அங்கே ஒருங்கே குடிகொண்டன.

செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடும் இக்கதையில் சேர்ந்ததே. கண்ணாடிப் பலகையின்மேல் சட்டம் வைத்து, அதனுள் கோல அச்சைப் பொருத்தி, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, உலர்த்தி, நீரில் ஊறவைப்பர். கண்ணாடி விலகும்போது அதன் வழுவழுப்பு ஓட்டின் முகத்தில் தங்கிவிடும். ஐரோப்பியர் விசைப்பொறியால் பெற்ற மெருகை நம் தொழிலாளி ஒரு கண்ணாடித் துண்டால் பெற்றான். இதைத் தொன்றுதொட்டு வந்த கலை என்று போற்றுவோர் உளர். சிமெண்டைக் கொண்டு செய்யும் ஓடு சிமெண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. வந்த தொழிலைத் தனதாக்கிக் கொண்ட அறிவே இங்குப் போற்றத்தக்கது.

இம்மூவகை வீடுகளையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது ரப்பர். 1896-ஆம் ஆண்டில் மலாக்காப் பாபாவான டான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவில் ரப்பர்த் தோட்டத் தொழில் தொடங்கிய இடங்களுள் மலாக்கா முதன்மையானது. ரப்பர் கப்பலில் ஏறிச் சென்றது. ஓடு கப்பலில் இறங்கி வந்தது. அந்தப் பாலைச் சீவி எடுத்த கைகள் பெரும்பாலும் தமிழரின் கைகள். அவர்கள் வீட்டுக்கு மட்டும் ஓடு வரவில்லை.

லயத்துப் பீலியடி

தோட்டத் தமிழரின் லயம் எத்தகையது என்பதை மூத்தோர் அறிவர். நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். குளிப்பதற்குக் கிணற்றடி, ஆற்றங்கரை, அல்லது பொதுப் பீலி. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் ரப்பர் வாடையோடு திரும்பும் பெண், மார்பளவு கைலியைக் கட்டிக்கொண்டு பலர் நடமாடும் இடத்தில் குளிக்க வேண்டும். அவளுக்கென்று தாழிட்டுக்கொள்ளும் கதவு இல்லை. காலடியில் சேறு, சேற்றில் வெறுங்கால்.

இந்தச் சேறு வெறும் அசௌகரியம் அன்று. அது நோயின் வாயில். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணிலிருந்து மனிதத் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது என்பதை, 1898-ஆம் ஆண்டில் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவால் மனிதன் வெளிறி, சோர்ந்து, வேலைக்கு உதவாதவனாகிறான். அவனைச் சோம்பேறி என்று துரைமார் ஏசினர். அவன் சோம்பலின் காரணம் அவன் குளித்த தரையிலும் ஒதுங்கிய புதரிலும் கிடந்தது. ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவர், 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி நாடுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தனர். அவர்களின் அறிக்கை 1920-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கழிப்பிடம், வடிகால், காலணி, கடினமான தரை என்னும் எளிய பொருள்கள் ஆயிரக்கணக்கான உயிர்களின் நலத்தைத் தீர்மானிப்பவை என்பது அக்காலத்து மருத்துவ ஆராய்ச்சிகள் தரும் பாடம்.

பாடம் கிடைத்தும் மாற்றம் மெல்லவே வந்தது. 1954-ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தொழிலாளரின் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் சட்டம் 1966-ஆம் ஆண்டில் பிறந்தது. 1990-ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. தொழிலாளர் பலர் லயத்தைவிட்டு ஊரோரங்களுக்கும் புதிய தாமான்களுக்கும் பெயர்ந்தனர். சொந்தமாகக் கதவுள்ள குளியலறை பெரும்பாலோர்க்கு அங்கேதான் வாய்த்தது.

இதே காலத்தில் ஓடும் மலிந்தது. 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியன் மொசைக்ஸ் நிறுவனம் ஜொகூரின் குளுவாங்கில் ஓடு செய்தது. கப்பலில் வந்த பொருள் பக்கத்து மாநிலத்திலேயே கிடைத்தது. மலாய் மொழியில் மோசேக் என்றால் ஓடு. தமிழகத்தில் மொசைக் என்றால் பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பித் தேய்த்த தரை. மலேசியத் தமிழர் பேச்சில் இச்சொல் மலாய்ப் பொருளையே பெற்றது. ஒரே சொல் இரு கரைகளிலும் இரு பொருள் தருவதும் குடிபெயர்ந்த வரலாற்றின் ஒரு சுவடே.

பதிக்கும் நுட்பம்

குளியலறைக்குச் சிறு ஓடு ஏன் உகந்தது? தண்ணீர் வடிய வேண்டுமாயின் தரை வடிகாலை நோக்கிச் சாய வேண்டும். ஐந்தடிக்கு ஓர் அங்குலமேனும் இறக்கம் வேண்டும். நாற்புறத்திலிருந்தும் ஒரு துளையை நோக்கிச் சாயும் தளத்தில் பெரிய ஓடு படியாது. மூலை தூக்கி நிற்கும். காசளவான சிறு துண்டுகளோ தளம் வளைந்த வழியெல்லாம் தாமும் வளைந்து செல்லும். அன்றியும், துண்டுகளுக்கு இடையிலுள்ள எண்ணற்ற மூட்டுக்கோடுகள் ஈரக்காலுக்குப் பிடிப்புத் தருகின்றன. சுவருக்குப் பளபளப்பு ஓடு ஏற்றது. தரைக்கு அது வழுக்கும் எமன்.

இத்துணைச் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக் கோலமமைத்தால் ஒரு குளியலறைக்குப் பல நாள் ஆகும். ஆகவே தொழிற்சாலையிலேயே கோலத்தை அடுக்கி, ஏறக்குறைய ஓரடிச் சதுரமான காகிதத்தில் முகத்தை ஒட்டி அனுப்பும் முறையைக் கண்டனர். தொழிலாளி காகிதம் மேலே இருக்கும்படி சாந்தில் பதித்து, இறுகியபின் காகிதத்தை நனைத்து உரித்து, மூட்டுகளில் வெள்ளைச் சிமெண்டைக் கரைத்து ஊற்றித் துடைப்பான். காகிதம் உரியும்போதே கோலம் கண் விழிக்கும். அதுவரை அவனுக்கும் கோலத்தின் முதுகே தெரியும்.

சதுர ஓடுகளில் கோலமமைப்பது வேறு கலை. தனி ஓட்டில் கால்வட்டமே இருக்கும். நான்கு ஓடு கூடினால் ஒரு பூ. ஒன்றைத் திருப்பி வைத்தால் பூ சிதைந்து அலையாகிவிடும். தொழிலறிந்தவன் சாந்து குழைப்பதற்கு முன் அறையை அளந்து, நடுக்கோடு போட்டு, ஓடுகளை உலர்வாகப் பரப்பிப் பார்ப்பான். வெட்டு ஓடு வாசலில் விழாமல் தொட்டிக்குக் கீழும் சுவரோரத்திலும் மறையும்படி செய்வான். எதிரெதிர்ச் சுவர்களில் வெட்டு ஒரே அளவாக வராவிட்டால், வீட்டுப் பெண்கள் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவர். புள்ளியிட்டு, மடித்துத் திருப்பிக் கோலமிட்டுப் பழகிய கண் அது. ஒரு வடிவத்தைத் திருப்பியும் புரட்டியும் நகர்த்தியும் தளம் முழுதும் நிரப்பும் ஒழுங்குகள் பதினேழே என்று 1891-ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் ஃபெதோரோவ் நிறுவினார். அக்கணக்கை அறியாமலே அதன் பயனை வாசலில் வரைந்தவர்கள் நம் பெண்மக்கள். லயத்து வாசலின் சிவப்பு மண்ணில் அன்றாடம் இட்டு அன்றாடம் அழிந்த கோலம், அழியாத இடமொன்றைத் தேடியபோது குளியலறை ஓட்டில் குடியேறிற்று என்று கொள்வது மிகையாகாது.

தண்ணீர்த் தொட்டியையும் குறிப்பிட வேண்டும். மலேசிய வீடுகளில் நீரை நிரப்பி மொண்டு குளிக்கும் தொட்டிக்கு உள்ளும் புறமும் மொசைக் பதிப்பதுண்டு. வெள்ளை ஓட்டில் பாசியும் கொசுப்புழுவும் ஒளிந்துகொள்ள முடியாது. தேய்த்துக் கழுவுவதும் எளிது. டெங்கிக் கொசு பெருகிய நாட்டில் இது சிறு பயன் அன்று.

காக்கத்தக்கது எது?

2008-ஆம் ஆண்டில் மலாக்கா நகரம் உலக மரபுரிமைச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. ஹீரன் தெரு வீடுகளின் ஓடுகளைப் படம் எடுக்கின்றனர், நூல்கள் வெளியிடுகின்றனர். அது வேண்டுவதே. பழைய ஓட்டுக்கு இன்று விலை ஏறியிருப்பதால், வீட்டை இடிப்போர் ஓட்டைப் பெயர்த்து விற்கும் நிலையும் உண்டு. பெயர்த்த ஓடு அழகாகவே இருக்கும். ஆனால் எந்த ஊரில், யார் வீட்டில், எந்த அறையில் இருந்தது என்னும் செய்தி அதனோடு வராது. ஓட்டின் முதுகில் பொறித்த ஊர்ப்பெயரும் நிறுவனப் பெயரும் ஒரு கல்வெட்டுக்கு ஒப்பானவை. அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை முதுகு சொல்லும். யாருக்காக வந்தது என்பதை அது இருந்த இடமே சொல்லும்.

லயங்களைப் பற்றிக் கவலைப்படுவார் இல்லை. தோட்டம் விற்கப்பட்டதும் லயம் இடிக்கப்படுகிறது. பீலியடியின் சிமெண்டுத் தளமும் மண்ணோடு மறைகிறது. அது எவ்வகையாலும் அழகியது அன்று. ஆனால் மாளிகைத் தரையின் பூவைப் படமெடுப்போர் அந்தப் பீலியடியையும் படமெடுத்தாலன்றி மலாக்காவின் ஓட்டு வரலாறு பாதி வரலாறாகவே நிற்கும். தோட்டத்துப் பள்ளிகளிலிருந்து படித்து வெளிவந்த இளைஞர்கள், தங்கள் பாட்டிமார் எங்கே குளித்தனர், எந்த ஆண்டில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, முதல் ஓட்டை எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்பது எளிது. இன்னும் சில ஆண்டுகள் சென்றால் கேட்பதற்கு ஆள் இரார்.

மொசைக் ஓடு மலாக்காவுக்குச் செல்வத்தின் சின்னமாக வந்தது. நோயைத் தடுக்கும் தரையாகத் தொழிலாளிக்கு அது தேவைப்பட்டது. அத்தேவை நிறைவேறப் பல்லாண்டுகள் சென்றன. கடைசியில் கதவு ஒன்று கிடைத்தபோது, வெறுந்தரையோடு அவன் நிறைவடையவில்லை. பூவும் வேண்டும் என்றான். கூடம் விருந்தினர்க்கு; குளியலறை தனக்கு. பல தலைமுறையாகத் திறந்தவெளியில் குளித்த ஒரு குடும்பம், யாரும் பாராத அந்தச் சிறு அறையைத்தான் முதலில் அழகுபடுத்த விரும்பிற்று என்றால், அதனைப் பகட்டு என்று கூறுதல் அறியாமையாகும்.